விட்டாலும் நிற்காதது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வழக்கம்போல வீடியோ எடுக்க இரண்டு வீடுகள். ஒன்று விற்பனைக்கு, ஒன்று வாடகைக்கு. பழைய ட்ரோனை ஏற்றி, கூரையைச் சுற்றி ஒரு வட்டம், முன்வாசல், தோட்டம், இறக்கியாயிற்று. ஆறு வருடமாக இதே வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருக்கிறேன்.

மதியம் முதலாளி என் மேசையில் ஒரு பெட்டியை வைத்தார். உள்ளே கையளவு ட்ரோன், இறக்கைகளைச் சுற்றி வளையம், கூடவே கண்ணை முழுதாக மறைக்கிற கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டால் ட்ரோன் பார்ப்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

"மேசை நாற்காலி செய்யற ஃபேக்டரி. வாசல்ல நுழைஞ்சு, மரம் அறுக்கறதுல இருந்து பாலிஷ் வரைக்கும், எங்கயும் வெட்டாம ஒரே ஷாட். இருபத்தெட்டாம் தேதி. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒல்லியைக் கூப்பிட்டுக்கறேன்."

ஒல்லி என்பவர் வெளியாள். அவர் ட்ரோனைக் குட்டிக்கரணம் அடிக்கவைக்கிற வீடியோவை முதலாளி எனக்கே மூன்று முறை அனுப்பியிருக்கிறார்.

"முடியும் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 4, புதன்

ரிமோட்டில் மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச். எங்கள் மெக்கானிக் விளக்கினார். எதைக் கொடுத்தாலும் பற்றவைத்துத் தருவதால் அவருக்கு 'ஈயம்' என்று பெயர்.

மேலே தள்ளினால் ஆங்கிள்: குச்சியைச் சாய்த்தால் ட்ரோன் சாயும், விட்டால் தானே நிமிரும். ஓர் அளவுக்கு மேல் சாயாது. கீழே தள்ளினால் அக்ரோ: சாய்த்தால் சாய்ந்தபடியே இருக்கும். குச்சியை விட்டாலும் நிமிராது, நாம்தான் நிமிர்த்த வேண்டும். நடுவில் ஹொரைசன்: விட்டால் நிமிரும், குச்சியைக் கடைசிவரை தள்ளினால் குட்டிக்கரணமும் அடிக்கும்.

"அது ரெண்டுங்கெட்டான்" என்றார் ஈயம். "ஆங்கிள்ல கத்துக்குங்க. அக்ரோல ஓட்டுங்க."

ஓட்டப்போவதையே ஏன் கற்றுக்கொள்ளக் கூடாது? கேட்கவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

கண்ணாடியில் கூரைதான் தெரிகிறது. கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஈயத்திடம் கத்தினேன். கேமராவையே மேல்நோக்கித்தான் பொருத்தியிருக்கிறார்களாம். ட்ரோன் முன்னால் சாய்ந்து போகும்போதுதான் எதிரே இருப்பது நேராகத் தெரியுமாம். நன்றாயிருக்கிறது கதை.

மார்ச் 7, சனி

அலுவலகத்தின் பின்னால் காலி கிடங்கு. ஆங்கிளில் ஓட்டினேன். முன்னே போக விரல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் மூக்கைத் தூக்குகிறது, திரும்பத் தள்ளினால் குனிகிறது. பதிவைப் பார்த்த முதலாளி, "என்னங்க, போற வழியெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டே போகுது?" என்றார். எங்கள் வீடியோ எடிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

சாவி வாங்கிக்கொண்டு நான் மட்டும் கிடங்குக்குப் போனேன். அக்ரோ. முதல் ஒரு மணி நேரம் சுவர், தூண், தரை, சுவர். பிறகு திடீரென்று வந்துவிட்டது! ஒருமுறை சாய்த்துவிட்டு விரலைத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எத்தனை சுகம். இதை விட்டுவிட்டா கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன்?

மார்ச் 9, திங்கள்

காலையில் மூன்று வீடுகள் எடுத்துவிட்டு மாலையில் அக்ரோ. ஒன்றும் வரவில்லை. நேற்று ஓட்டியது நான்தானா?

மார்ச் 12, வியாழன்

ஹொரைசனில் போட்டுப் பார்த்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்தது, பதற்றத்தில் குச்சியை முழுதாகத் தள்ளிவிட்டேன், கரணம் அடித்து விழுந்தது. ரெண்டுங்கெட்டான்தான். பிறகு பறக்கும்போதே அக்ரோவிலிருந்து ஆங்கிளுக்கு மாற்றினேன். சாய்ந்து போனது வெடுக்கென்று நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. ஆக, நடுவழியில் மாற்றவும் முடியாது. கிளம்பும் முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். எதை?

மார்ச் 15, ஞாயிறு

அக்ரோ. அருமை. ஒரு தூணைக்கூடத் தொடவில்லை. சரி, அக்ரோதான்.

மார்ச் 16, திங்கள்

காலையில் இரண்டு வீடுகள், மாலையில் ஃபேக்டரியில் ஒத்திகை. அறுக்கும் இடம் தாண்டி, பாலிஷ் அறைக்குத் திரும்பும் இடத்தில், குனிந்திருந்த தச்சர் ஒருவர் பலகையோடு எழுந்தார். எழுந்தால் என்ன, மோட்டாரை அணைக்க வேண்டியதுதானே! அதற்கென்று தனி சுவிட்ச் இருக்கு, ஈயம் பத்து தடவ சொல்லியிருக்கார். நான் என்ன பண்ணேன்? ரெண்டு குச்சியையும் விட்டுட்டேன். விட்டா நின்னுடும்னு! நிக்கல. அப்படியே போச்சு. அவர் காதை உரசிக்கிட்டு போய் மரத்தூள் மூட்டையில் இடிச்சுது.

தச்சர் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலைம்மா. மயிரிழையில தப்பிச்சேன்" என்று சிரித்தார். அவர் சிரித்ததுதான் தாங்கமுடியவில்லை. முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 17, செவ்வாய்

ஒல்லியையே கூப்பிடச் சொல்லிவிடலாம். ஆங்கிள் என்றால் கும்பிடு, அக்ரோ என்றால் காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டத் தெரிந்தவளை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்?

மார்ச் 18, புதன்

நேற்று எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஏன்?

இரவு வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு கம்பெனியில் டிரைவர். இந்த மாதம் அங்கே கியர் இல்லாத கார் வந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பழைய வேன ஓட்டிட்டு நேரா அதுல ஏறினேன்னா, இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஒரே மிதி. மேனேஜர் முன் சீட்டுல வந்து விழுந்தார். கார மட்டும் ஓட்டுற நாள்ல ஒரு தகராறும் இல்ல."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 9, காலையில் மூன்று வீடுகள். மார்ச் 16, இரண்டு வீடுகள். ஞாயிறுகளில் வீடு இல்லை! பழைய ட்ரோன் குச்சியை விட்டால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். ஆறு வருடமாகப் பயந்த போதெல்லாம் விட்டுத்தான் பழக்கம். தினமும் காலையில் அதே பாடத்தை என் விரலுக்கு நானே ஒப்பிக்கவைத்துவிட்டு, மாலையில் அதையே சொன்னதற்காக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"சாதம் காயுது" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.

மார்ச் 19, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன்: "இனிமே பழைய ட்ரோன் எனக்கு வேணாம் சார்."

"அப்ப வீடெல்லாம் யாரு எடுக்கறது?"

"எடிட்டருக்குச் சொல்லிக் கொடுத்துடறேன். ஒரே நாள்ல வந்துடும்."

"நல்லா யோசிச்சுக்குங்க. அவர் பழகிட்டார்னா அந்த வேலை அவருக்குத்தான். நாளைக்கு இதுவும் வரலை, அதைத் திருப்பிக் குடுங்கன்னு வந்து நிக்கக் கூடாது."

யோசித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். பையைக் கொண்டுபோய் எடிட்டரிடம் கொடுத்தேன். பையின் வாரில் என் கை வியர்வை படிந்த கறை இருந்தது. கழிவறைக்குப் போய் கொஞ்ச நேரம் அழுதேன். செய்தது சரியா? தெரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஈயம் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்து திடீர் திடீரென்று தலையணையை நீட்டுகிறார். நான் மோட்டாரை அணைக்க வேண்டும். இருபது தடவையில் ஒன்பது. மற்றதெல்லாம் தலையணைக்கு அடி.

மார்ச் 26, வியாழன்

இருபதுக்குப் பத்தொன்பது. தவறிய அந்த ஒன்று ஃபேக்டரியில் வந்துவிட்டால்?

மார்ச் 28, சனி

ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். புறப்படும் முன் முதலாளி மெல்லக் கேட்டார், "ஆங்கிளே போதுமா? கும்பிடு போட்டாலும் பரவாயில்ல." வீட்டிலிருந்து வரும்போது வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

முதல் முறை, வாசலில் ஒருவர் கேமராவுக்குக் கையாட்டிவிட்டார். இரண்டாம் முறை, அறுக்கும் இடம் சரி, அடுக்கிய நாற்காலிகள் சரி, அந்தத் திருப்பம் – அதே தச்சர், முதுகைக் காட்டியபடி, தோளில் நாற்காலியோடு குறுக்கே வந்தார். கண்ணாடிக்குள் எல்லாம் சுழன்று மரத்தூளாகத் தெரிந்தது. என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைவிரல்கள் குச்சிமேல்தான் இருந்தன. ஆள்காட்டி விரல் மோட்டாரை அணைக்கிற சுவிட்சில் இருந்தது.

ட்ரோன் அவருக்கு மூன்றடி பின்னால் விழுந்து கிடந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாற்காலியை இறக்கிவைக்கப் போய்விட்டார்.

"போச்சு" என்றார் முதலாளி.

"வந்துடுச்சு" என்றார் ஈயம்.

இறக்கை மாற்றி, மூன்றாம் முறை ஓட்டினேன்.

ஏப்ரல் 1, புதன்

ஃபேக்டரியில் நான் எடுத்த வீடியோவை முதலாளி எனக்கே மூன்றாவது முறையாக அனுப்பியிருக்கிறார்.

எடிட்டர் வாசலில் பழைய ட்ரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். "பாருங்களேன், கையை எடுத்தா அப்படியே நிக்குது!" என்று ரிமோட்டை நீட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டுங்க."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே ஓட்டுங்க" என்றேன்.