குடைக்குக் கீழிருந்த குரல்

1931 ஏப்ரல் 7, செவ்வாய்

விடியற்காலை முதலே புழுக்கம். வாவிப் பக்கமிருந்து ஒரு மூச்சுக் காற்றுமில்லை. மூக்குக்கண்ணாடியின் இடக்கம்பி மறுபடியும் கழன்றது. இப்போதைக்கு நூற்கட்டு. தட்டானிடம் கொடுக்க வேண்டும்.

அரசாங்கக் கச்சேரியில் ஏஜண்டு துரை அழைத்து ஒரு புதுவிதமான வேலை தந்தார். திடலில் கூடாரம் அடித்திருக்கும் பயஸ்கோப்பைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வாவிக்கு அப்பால், வவுணதீவுப் பக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் வயல்வட்டை முழுவதற்கும் உடையவரான போடியார் முறைப்பாடு செய்திருக்கிறார். படத்தில் தம்மை அவமதிக்கிறார்களாம்.

படமோ பம்பாயில் எடுத்தது. பேசாப் படம். பேச்செல்லாம் திரைக்குப் பின்னால் நிற்கும் ஒரே மனிதனுடையது. எழுதிவைத்துப் பேசுவதில்லை, ஆகையால் முன்கூட்டிப் பரிசீலிக்க வழியில்லை. போய் உட்கார்ந்து கேட்பதொன்றே முறை.

வீட்டில் சொன்னேன். மனைவி: "படம் பாக்கவும் சம்பளமா? அப்ப நாளைக்கு நானும் கச்சேரிக்கு வாறன்." அவளையும் அழைத்துச் சென்றேன். அவளுடைய நுழைவுச்சீட்டு என் சொந்தச் செலவு.

பேசுகிறவன் பெயர் பத்தினியன். (இனி ப.) கதாநாயகன், இளவரசி, கிழவி, அரண்மனைக் காவலர், குதிரை, அனைத்தும் ஒரே தொண்டை. பாட்டும் அவனே. நான் இதுவரை கேட்டிராத அடிக்குரல். ஆர்மோனியம் அதனடியில் போக முடியாமல் திணறியது.

பிறகு கொடிய மந்திரி திரையில் வந்தான். "யார் என் கதவைத் தட்டியது?" என்றது குரல். அவ்வளவுதான். மணலில் உட்கார்ந்திருந்த வயற்காரர்கள் நீட்டிய காலை மடக்கினார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவர் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்பு தாம் செய்ததை உணர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"எங்கட போடியார்டா!" என்று எவனோ கத்தினான். பெருஞ்சிரிப்பு. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. அந்த அடங்கல் எனக்குப் பிடிக்கவில்லை.

சொற்களில் குற்றமேதுமில்லை.

ஏப்ரல் 8, புதன்

போடியார் நேரிலேயே வந்தார், மருமகனுடன். அறுபது வயதிருக்கும். கடுக்கன், பட்டுச் சால்வை, வெள்ளிப்பூண் பிரம்பு. உட்கார்ந்தார், வாய் திறக்கவில்லை. பேசியது முழுவதும் மருமகன்.

"ஐயா, அவன் மாமாட குரல எடுத்து மந்திரிக்குக் குடுத்திரிக்கான்."

எந்தச் சொல் குற்றம் என்று கேட்டேன்.

"சொல்லில ஒண்டுமில்ல. குரல்."

சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரிவைப் படித்துக் காட்டினேன். சொல், சைகை, உருவம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. குரலைப் பற்றி ஒன்றுமில்லை.

"மத்தவன்ட மாட்ட அவிழ்த்துக்கொண்டு போனா களவு. குரலக் கொண்டு போனா கூத்தாக்கும்! நல்ல சட்டம் ஐயா."

போடியார் அவன் முழங்காலில் விரல் வைத்தார். அவன் குனிந்து காது கொடுத்தான். நிமிர்ந்து சொன்னான்:

"மாமா சொல்றார், வழக்கு ஒண்டும் வேணாமாம். அவன் அதத் திருப்பித் தந்தாப் போதுமாம்."

"குரலையா?"

"ஓம்."

நான் சிரிக்க ஆயத்தமானேன். அவர்கள் சிரிக்கவில்லை.

வரும் தேர்தலில் போடியார் நிற்கிறார் என்றும் சொன்னான். இம்முறை கூலிக்காரனுக்கும் பெண்களுக்கும் வாக்கு. "வட்டைக்குள்ள மாமாட முகத்தக் கிட்டக் கண்டவன் குறைவு. குரலத்தான் தெரியும். அதக் கேட்டுச் சிரிக்கப் பழகிட்டானுகளெண்டா, மறுகா என்ன மரியாத?"

பகல் சாப்பாட்டுக்கு நண்டுக் கறி.

ஏப்ரல் 9, வியாழன்

ப.வைக் கச்சேரிக்கு அழைப்பித்தேன். அந்தக் குரலுக்கு உரிய உடம்பே இல்லை. ஒல்லி, குள்ளம், வயது முப்பத்தெட்டு. நாற்காலியில் உட்கார மறுத்தான்.

அவன் வரலாறு, சொன்ன ஒழுங்கில்: பிறப்பு வவுணதீவு. தகப்பன் வயற்காவல். மீசை அரும்புமுன்பே குரல் இறங்கிவிட்டது. நெற்சூடு மிதிக்கும் களங்களில் பொலிப்பாட்டுப் பாடினான். அங்கே போடியார் கேட்டு, குடை பிடிக்க வைத்துக்கொண்டார். பதினொரு வருடம்.

"பாடுகிறவனைக் குடை பிடிக்கவா வைத்தார்?" என்றேன்.

"குடை பேருக்குத்தான் ஐயா. அவர் வரம்பில நிப்பார், நான் பின்னால. எண்ட காதுக்குள்ள சொல்லுவார். நான் வட்டைக்குச் சொல்லுவன். வயலுக்குள்ள நிக்கிறவன் நிமிந்து பாப்பானா? குனிஞ்ச தலைதான். அவனுக்குக் குடைக்குக் கீழ இரிந்து சத்தம் வருது. போடியார் கதைக்கிறார், அவ்வளவுதான்."

பேனாவை வைத்துவிட்டேன். "போடியாருடைய சொந்தக் குரல்?"

கதவுப் பக்கம் பார்த்தான். "சின்னது ஐயா. பூனைக்குட்டிச் சத்தம். வீட்டாக்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

ஏன் விலகினாய் என்று கேட்கவில்லை, அவனே சொன்னான். ஒரு சிறுபோகத்தில் (கோடை வேளாண்மை) வாய்க்காலை மறித்துக் கட்டும்படி குடைக்கடியிலிருந்து கூவியிருக்கிறான். கருகிய வயல்களில் அவன் தமக்கையின் துண்டும் ஒன்று. "போடியார் கத்தின கத்தில எங்கட வயல் போச்சுதெண்டு அக்கா மண்ணள்ளித் தூத்தினா. கத்தினவன் நான். அவக்கு இண்டைக்கும் தெரியா."

அதன்பின் பயஸ்கோப்புடன் ஊர் ஊராக ஏழு வருடம். திருகோணமலையில் ஒரு கிராமபோன் கொம்பனிக்காரர் கேட்டுவிட்டு, வைகாசியில் சென்னைக்கு வந்து இசைத்தட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். பயணச்சீட்டும் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் வெளிச்சம்.

மந்திரிக்கு வேறு குரல் கொடும் என்றேன்.

"கோபத்துக்கு எண்டக்கிட்ட அது ஒண்டுதான் இரிக்கு ஐயா. அது அவர்ட இல்ல. எண்ட."

"உம்முடையதேதான். ஆயினும் மாற்றும். அமைதி கருதி இது உத்தரவு."

"உத்தரவெண்டா மாத்திறன்."

சரியான தீர்வு என்றே நினைத்தேன். சட்டத்தையும் மீறவில்லை, எவர் மனமும் நோகாது.

ஏப்ரல் 10, வெள்ளி

தட்டான் வேலையை நாளைக்குத் தள்ளிவிட்டான். நூற்கட்டோடு கூடாரத்துக்கு. முன்வரிசை நாற்காலிகளில் போடியாரின் மருமகனும் அவர் வீட்டு ஆட்கள் நால்வரும்.

மந்திரி வந்தான். கன்னம் முழுக்க மீசை, கையில் வாள். வாய் திறந்தான். வந்தது மெல்லிய கீச்சுக் குரல். பூனைக்குட்டி பாலுக்குக் கத்துவது போல.

கூடாரமே குலுங்கியது. மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முன்வரிசை ஐவரும் அசையாமல் இருந்ததைக் கண்ட பின்புதான் முந்தினநாட் பேச்சு நினைவுக்கு வந்தது. என் சிரிப்பு நின்றது.

மருமகன் எழுந்தான். அவன் தலையின் நிழல் திரையில் விழுந்து, மந்திரியின் முகத்தை மறைத்தது. அவசரப்படாமல் வெளியே போனான். நால்வரும் பின்னால்.

காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் போனேன். ப. வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன காரியம் செய்தீர்?"

"நீங்கதானே ஐயா மாத்தச் சொன்னீங்க."

"ஆயிரம் குரல் இருந்ததே உம்மிடம்!"

"இரிக்கு. எண்டாலும் கோபத்துக்குப் பொய்க்குரல் பொருந்தாது. எண்டத தண்ட எண்டு அவர் கேட்டா, அவர்டத அவருக்கே குடுப்பம் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடாரச் சொந்தக்காரர், ஓட்டமாவடி இசுமாலெவ்வை, சிரிக்கவில்லை. "இவன் வாயால கெட்டுப்போவான் ஐயா" என்றார்.

அந்த உத்தரவை இட்டவன் நான்.

ஏப்ரல் 11, சனி

அரைநாள் கச்சேரி. கண்ணாடி சரியாயிற்று.

பிற்பகல் இசுமாலெவ்வை வீடு தேடி வந்தார், ப.வையும் இழுத்துக்கொண்டு. போடியார் வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கிறதாம். பட்டு வேட்டி, சால்வை, கதலிப்பழம். வருடப்பிறப்பன்று வீட்டுக்கு வந்து ஒரு பாட்டுப் பாடி, போடியார் கையால் கைவிசேஷம் வாங்க வேண்டுமாம்.

"முந்தாநாள் வரைக்கும் களவன். இண்டைக்குப் பட்டு வேட்டியா? எனக்குப் பயமா இரிக்கி ஐயா" என்றார் இசுமாலெவ்வை. பின்பு ப.விடம்: "கைவிசேஷமெண்டா காசோட வெத்திலையும் வரும். அவர் முன்னால சப்பத்தான் வேணும். அதுக்குள்ள செந்தூரம் வெச்சா உண்ட தொண்ட முடிஞ்சுது மகன். ஒரு பாட்டுக்காரனுக்கு அப்பிடிச் செஞ்சத எண்ட கண்ணால கண்டிரிக்கேன். கூடாரத்தப் பிரிப்பம், லொறியில ஏறு, ஓட்டமாவடிக்குப் போவம்."

ப. நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்காட துண்டுக்குத் தண்ணி விடல்ல ஐயா. சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் திறந்தாச்சு, அவக்கு மட்டும் மறிச்சிரிக்கு. நான் வந்து கைவிசேஷம் வாங்கினா அண்டைக்கே திறப்பாங்களாம். மருமகன் சொன்னார்."

நீர்ப்பாசனப் பகுதிக்கு இன்றே எழுதுகிறேன் என்றேன்.

"எப்ப மறுமொழி வரும்?"

உண்மையைச் சொன்னேன். விடுமுறை கழிந்து, பார்வையிட்டு, அறிக்கை வந்து, மூன்று கிழமையாகலாம்.

"விதைப்புத் தவறிரும் ஐயா."

அவர்கள் போன பின்பு கடிதத்தை எழுதினேன். நகல் எடுத்தேன். வெற்றிலை கொடுப்பதைத் தடுக்கும் பிரிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேடாமல் சொல்லவில்லை, தேடினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வெக்கை. வானம் ஈயத்தகடு. மனைவி பலகாரத்துக்கு மா வறுக்கிறாள், வீடெங்கும் புகை.

ப. பிற்பகல் தோணியில் அக்கரைக்குப் போகிறான் என்று தெரிந்து துறைக்குப் போனேன். பட்டு வேட்டி கட்டியிருந்தான், இடுப்பில் நிற்கவில்லை.

"வெற்றிலையை மெல்லாதீர். கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கும். வெளியே வந்து துப்பும்." இப்படியொரு புத்திமதியை என் வாழ்நாளில் எவருக்கும் சொன்னதில்லை.

"அவர் வாயத்தான் பாத்துக்கொண்டிரிப்பார் ஐயா. பதினொரு வருசம் எண்ட வாயப் பாத்த மனிசன்."

"அப்படியானால் போகாதீர். சென்னை?"

தண்ணீரைப் பார்த்தான். "சென்னையில பாட வேற ஆள் கிடைக்கும். அக்காக்கு வேற தம்பி இல்ல."

தோணிக்காரன் அவசரப்படுத்தினான்: "வாங்க கா, காத்தெழும்பப் போகுது! கச்சேரி ஐயாவோட கதைச்சா நாள் போயிரும்!"

நடு வாவியில் அவன் பாடத் தொடங்கினான். பொலிப்பாட்டு. முழுக்குரல், கூடாரத்தில் அவன் அதில் பாதியைக்கூட எடுத்ததில்லை என்று இன்றுதான் அறிந்தேன். இடுப்பளவு நீரில் வலை வீசியவர்கள் வீசாமல் நின்றார்கள். துறையில் மீன் விற்ற பெண் கத்தியைக் கீழே வைத்தாள். தோணி ஒரு புள்ளியாகிக் கண்ணாத்தீவு மறைவில் போன பின்பும் கேட்டது. பின்பு கேட்கவில்லை. பாட்டு முடிந்ததா, தூரமா, தெரியாது.

ஏப்ரல் 14, செவ்வாய். வருடப்பிறப்பு

மருத்துநீர், முழுக்கு, புதுவேட்டி. அயலார் வந்து போனார்கள். வெடிச்சத்தம்.

வேலைக்காரிக்குக் கைவிசேஷம் கொடுத்தேன். வெற்றிலையை நீட்டிய கை ஒரு கணம் தயங்கியது. "என்ன ஐயா, தாறதுக்கு மனமில்லையா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வாயில் போட்டாள்.

பொங்கலோடு உட்கார்ந்தேன். மனைவி: "சாப்பிடுற வாய விட்டிட்டு, ஏன் வாசலையே பாக்கிறீங்க?"

அக்கரையிலிருந்து செய்தியில்லை.

ஏப்ரல் 15, புதன்

கச்சேரி. ஏஜண்டு துரைக்கு அறிக்கை: "குற்றம் காணப்படவில்லை."

கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். லொறி வந்து நிற்கிறது. இசுமாலெவ்வை ஏற மறுக்கிறார். "அவன் வரட்டும். அவனில்லாம நான் ஊமைப் படத்தக் காட்டி என்ன செய்யிறது?" துறைக்கு இருமுறை போய்வந்தாராம்.

காற்று தென்மேற்குக்குத் திரும்புகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

கச்சேரி திறந்ததும் ஒரு பெண். நாற்பதுக்கு மேல், வயலிலிருந்து நேரே வந்த கோலம். பின்னால் ப. பட்டு வேட்டி இல்லை, பழைய சாரம்.

"நான் இவன்ட அக்கா, ஐயா. ஆசுப்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. செவ்வாக்கிழமை போடியார் வளவுக்குப் போய் வந்தான். வந்ததிலயிரிந்து சத்தமில்ல. நாக்கு இரிக்கு. காயமில்ல. வாயத் திறந்தா காத்துத்தான் வருது. ஆரோ கண்ணூறு போட்டிட்டாங்க."

போடியார் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவர் நல்ல மனிசன் ஐயா! நான்தான் இவ்வளவு காலமும் திட்டினன். தம்பிக்குத் தண்ட கையாலயே வெத்திலை மடிச்சுக் குடுத்தாராம். அண்டைக்கே எங்கட துண்டுக்கு மதகு திறந்தாச்சு. முழங்கால் தண்ணி!"

ப. தலை குனிந்து நின்றான். அவளைச் சற்று வெளியே நிற்கச் சொன்னேன். தலையசைத்தால் போதும் என்றேன்.

வற்புறுத்தினார்களா? இல்லை.

வெற்றிலைக்குள்ளே இருந்தது தெரிந்தேதான் மென்றீரா?

கதவுக்கப்பால் நின்ற தமக்கையைப் பார்த்தான். ஓம் என்று அசைத்தான்.

காகிதத்தை இழுத்து வைத்தேன். எந்தப் பிரிவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், துரையிடம் நானே கொண்டுபோகிறேன், கைநாட்டு மட்டும் வையும் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

அவன் என் கையிலிருந்த பேனாவை மெதுவாகப் பிடித்து நிறுத்தினான். வாய் அசைந்தது. ஒரு சொல். கேட்கவில்லை. மறுபடியும் முயன்றான், கழுத்து நரம்பு புடைத்தது. பின்பு விட்டுவிட்டு, வெளியே நின்றவளின் கால்களைக் காட்டினான்.

கணுக்காலுக்கு மேல் வரை வயற்சேறு. இன்னும் ஈரம்.