திறந்து கிடந்த குழாய்

ஜூலை 8, செவ்வாய்

அம்மா வேலை பார்க்கும் மீன் கம்பெனியில் இன்று ஒத்திகை. குளிர் அறையின் அமோனியா வாயு கசிந்தால் எப்படித் தப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சங்கு ஊதியதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். அம்மா மட்டும் பாதி வழியில் திரும்பிப் போய், மீன் கழுவும் குழாயை அடைத்துவிட்டுக் கடைசியாக வந்திருக்கிறாள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதும் இந்த வருடம் அங்கே வந்த விதிதான்.

"நெசமாவே கசிஞ்சிருந்தா நீங்க இப்போ உசுரோட இல்லக்கா" என்றாராம் சூப்பர்வைசர்.

"அப்போ பூமாலைக்குச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாளாம் கூட வேலை செய்யும் மேரி அத்தை.

சாப்பிடும்போது அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த வாயு நுரையீரலை என்ன செய்யும் என்று நான் படித்திருக்கிறேன்.

"தண்ணி ஓடுனா ஓடிட்டுப் போட்டும்மா. நீ வந்துரு."

"ஏட்டி, ஆத்துத் தண்ணி. எம்புட்டுத் தூரத்துலருந்து வருது! தொறந்து போட்டுட்டு வர கால் வரமாட்டேங்கு."

"அடுத்த தடவ வந்துருவியா?"

"பாக்கலாம். போய்ப் படு."

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். சைக்கிள் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டு நிறைய அழுதிருக்கிறேன். பயந்தது இன்றுதான்.