நாற்பது வீடும் கணவர் பேரில்

2025 ஜூலை 8, செவ்வாய்

ஆய்வு முறையியல், மூன்றாம் தடவை. இதுவும் போனால் பட்டம் இல்லை. இந்த முறை நாற்பது வீட்டுப் பெண்களிடம் வினாக்கொத்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவையும் என்னைப் பெயிலாக்கிய அதே கஜேந்தினி மிஸ்தான் இந்த முறையும். காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே “நீ இன்னும் இங்கேயா?” என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்கும் உங்களைப் பிடிக்காது மிஸ்.

வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு சண்டை. சோற்றுக்கு வைத்த ஆணத்தில் உப்புக் கூடிவிட்டதாம். “என்ட வீட்டுல இரிக்கிறெண்டா ஒழுங்கா இரிக்கணும்” என்று வாப்பா கத்தினார். உம்மா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

ஜூலை 13, ஞாயிறு

பக்கத்து வீதி றிஸ்லா ராத்தா இந்தப் பாடத்தில் ஏ எடுத்தவ. அறிவுரை கேட்கப் போனேன். ஏதோ இளவரசியைப் பார்க்கப் போன மாதிரி அரை மணித்தியாலம் காக்கவைத்தா. பிறகு அள்ளி அள்ளித் தந்தா. மிஸ்ஸோடு எதிர்த்துக் கதைக்கக் கூடாது. இரண்டாம் அத்தியாயத்தில் வெள்ளைக்காரர் பேர்களாக அடுக்க வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி:

“வினாக்கொத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாத் திரியாத புள்ள. கச்சான் காத்து வெக்கையில கறுத்துப்போவாய். வீட்டுலயே இருந்து நிரப்பு. நாலு பேனை வெச்சிக்க. கொஞ்சத்த இடக் கையால எழுது.”

கடைசி அறிவுரை மட்டும் எனக்குப் பிடித்தது.

ஜூலை 20, ஞாயிறு

இருபத்தாறு தாள் முடிந்தது. இடது கை விண்விண் என்று வலிக்கிறது.

ஜூலை 21, திங்கள்

நாற்பதும் முடிந்தது. தலைப்பு: பெண்களும் குடும்பத் தீர்மானங்களும். வினாக்கொத்து நான் உருவாக்கியதில்லை, இந்தியாவில் யாரோ செய்த ஆய்விலிருந்து இறக்கியது. நாற்பது பெண்களுக்கு வயது, படிப்பு, பிள்ளைகள் எல்லாம் நானே கொடுத்தேன். இரண்டு பேரை விதவையாக்கலாமா என்று யோசித்து, பாவம் என்று விட்டுவிட்டேன். மிஸ் கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்.

ஜூலை 29, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டா. எல்லாருக்கும் முன்னால்.

வினாக்கொத்துக் கட்டை வாங்கிப் புரட்டினா. பிறகு ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு போனா. ஆறாம் கேள்வி — வீட்டின் உரிமையாளர் யார்?

“முஸ்பிறா, உங்கட ஊர்ல பொம்பிளப் பிள்ளைக்கு வீடு குடுக்காமக் கலியாணம் நடக்குதா?”

“இல்ல மிஸ்.”

“எங்கட ஊர்லயும் இல்ல. அப்ப எப்படி நாப்பது வீடும் புருசன்ட பேர்ல?”

பின்வரிசை சிரித்தது. சிரிச்சவங்க எல்லாரும் நாலு பேனை வெச்சிக்கிட்டு எழுதினவங்கதான்! ஆனால் பிடிபட்டது நான். ஐந்தாவது, குடும்பத் தலைவர்: கணவர். அதே வேகத்தில் ஆறாவதற்கும் புள்ளடி போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். இந்தக் கரையில் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா?

“இதுகளக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க. மூண்டு கிழமை தாறன். மெய்யான வீடு நாப்பது. இருவது பழைய வீதியில, இருவது சுனாமி வீட்டுத்திட்டத்தில. கேள்வியக் கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கொண்டு இரிங்க. நீங்க கேள்வியோட விடையையும் சேத்துச் சொல்ற ஆள்.”

அறிவுரையாம். அவவும் அவட ஸ்கூட்டியும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாற்பதில் ஒரு தாளில்கூட என் பேனை ‘மனைவி’ என்ற கட்டத்துக்குப் போகவில்லை. ஏன்? நாங்கள் இருப்பதும் வீட்டுத்திட்டத்தில்தான். எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது வாப்பாவின் பேர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய வீதியில் ஏழு வீடு. ஏழும் மனைவி பேரில். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் நிவாரணம் எழுத வந்தவள் என்று நினைத்துப் பிளேன்டீ தந்தார்கள், விஷயம் தெரிந்ததும் கோப்பையைத் திருப்பி வாங்காத குறை. செருப்பு அறுந்துவிட்டது. கறுத்தும் போனேன். றிஸ்லா ராத்தா கேற்றில் நின்று பார்த்துச் சிரிக்கிறா. சிரியுங்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுத்திட்டம், எங்கள் பகுதிக்குப் பின்பக்கம். நதீரா என்று ஒரு தாய், இடியப்பம் அவித்து விற்கிறவ. ஆறாம் கேள்விக்கு “அவர்ட பேர்ல” என்று சொல்லிவிட்டு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தா. “சுனாமிக்குப் பிறகு தந்ததாலயா?” என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மிஸ்ஸின் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் தெரியாது. ஒரு தட்டு அவிந்து இறங்கிய பிறகு அவவாகவே கதைத்தா.

“கடக்கரையில இருந்த வீடு எனக்கு உம்மா தந்த வீடு மகள். கடல் கொண்டுபோன. புது வீட்டுக்குக் கடதாசி எழுத வந்தவங்க, குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டாங்க. இவர் கைய உயத்தின. என்னை ஒருத்தரும் கேக்கல்ல.”

எழுதிக்கொண்டேன். வீதிக்கு வந்ததும் நின்று, எழுதியதைத் திரும்ப வாசித்தேன். உம்மாவுக்கும் கடற்கரையில் வீடு இருந்தது. அப்போது எனக்கு மூன்று வயது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பழைய வீதி இருபதிலும் மனைவி. வீட்டுத்திட்டம் இருபதில் பதினேழு கணவர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மிஸ் அட்டவணையை இரண்டு தரம் பார்த்தா. பாராட்டு? ஒரு சொல் இல்லை. “உங்கட வீடு எப்படி?” என்று மட்டும் கேட்டா. சொன்னேன். “அதச் சேர்க்கேலா. சொந்த வீட்ட எண்ணக் கூடாது.” நான் சேர்க்கவா கேட்டேன்?

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஒரு தாளை உம்மாவிடம் நீட்டினேன். கடைசியில் நான் புதிதாகச் சேர்த்த கேள்வியும் இருந்தது: பேர் பதியும்போது உங்களைக் கேட்டார்களா? உம்மா கண்ணாடி போட்டு, பேனை வாங்கி, தானே நிரப்பினா. ஆறாவது: கணவர். கடைசி: இல்லை.

“இத மிஸ்ஸுக்குக் குடுக்கப்போறியா?”

“குடுக்கேலா உம்மா. கணக்குல வராது.”

“அப்ப என்னட்டத் தா.”

நாலாக மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டா.

செப்டம்பர் 26, வெள்ளி

ரிசல்ட் வந்தது. பி! ஏ தர மனம் வரவில்லை அந்த மனுஷிக்கு.

ஜூனியர் பிள்ளைகளுக்கு ஏதாவது டிப்ஸ் இருந்தால் அனுப்பச் சொல்லி றிஸ்லா ராத்தா மெசேஜ். பதில் போடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வாப்பா சந்தோஷத்தில் ஊரெல்லாம் போன் எடுத்தார். காலையில் சாப்பிட்டுக்கொண்டே யாரிடமோ, “என்ட வீட்டுல பொறந்தா படிக்காமப் போகுமா?” என்று சிரித்தார்.

நான் பிறந்தது கடற்கரை வீட்டில்.

உம்மா எழும்பி அலுமாரியைத் திறந்தா. அந்தத் தாளைக் கொண்டுவந்து வாப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து, பேனையையும் வைத்தா. எட்டிப் பார்த்தேன். என் கடைசிக் கேள்விக்குக் கீழே உம்மாவின் கோணல் எழுத்தில் இன்னொரு கேள்வி. “இப்ப கேட்டா என்ட பேருக்கு மாத்தி எழுதுவீங்களா?” பக்கத்தில் இரண்டு கட்டம். ஓம். இல்லை.

“என்ன இது?” என்றார் வாப்பா. என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். “கேக்கிறன், என்ன இது?”

உம்மா எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறா. நான் அறைக்குள் வந்து இதை எழுதுகிறேன். பேனை இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.