தாணாவில் நான் சொன்ன பதில்

டாக்குரியா, கொல்கத்தா
கார்த்திகை பிறந்த மறுநாள்

பிரியமுள்ள மீனாக்ஷிக்கு,

ஷியாமளா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. போனில்தான் பேசிக்கொள்கிறோமே என்பாய். போனில் நீ வெறுமனே 'ம்' கொட்டும்போதே உன் மஹாதேவன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் ரவீந்திர சரோவரைச் சுற்றி ஓடப் போகிறேன், போலீஸ் பயிற்சிக் காலத்தில் நாம் ஓடிய அதே பாதை. நீ கரக்பூர் ரயில்வே காலனிப் பெண், நான் இங்கே துறைமுகக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்தப் பயிற்சிப் பள்ளியிலேயே தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். முதல் வாரப் பரேடில் காலெல்லாம் கொப்புளத்தோடு நின்ற என்னிடம், முகத்தைத் திருப்பாமலே, "ஏய், விழுந்துடாத, நான் பிடிக்க மாட்டேன்" என்றாய். விழுந்தேன், பிடித்தாய். அப்புறம் மெஸ்ஸிலும் லாரியிலும் அத்தனை பேர் காது கேட்கவே எதையெல்லாம் பேசினோம்! பருப்புக் கரண்டியை நீட்டியபடி நீ முதன்முதலாக உன் ஆசையைத் தமிழில் சொன்னபோது, எதிரே இருந்தவள் நீ உப்புக் கேட்கிறாய் என்று நினைத்து உப்பை நகர்த்தி வைத்தாள். இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

இந்த அறைக்கு நாம் குடிவந்தபோது வீட்டுக்கார மாஷிமா, இரண்டு போலீஸ் பெண்கள் மாடியில் இருக்கிறார்கள், இனித் திருட்டுப் பயமில்லை என்று தெரு முழுக்கப் பெருமையடித்தார். ஞாயிற்றுக்கிழமை நீ இலிஷ் மீனைப் புளிக்குழம்பில் போடுவாய். நல்ல மீனைக் கெடுக்கிறாயே என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டுவார். இப்போதும் கேட்கிறார். எனக்கு அந்தக் கைப்பக்குவம் வரவில்லை.

காலை ரோல்காலில் உன் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசையிலிருந்து எவனோ, மாப்பிள்ளையும் ஆஜர் என்று குரல் கொடுப்பான். வரிசையே சிரிக்கும். அதிகாரி காது கேளாதவர்போல் அடுத்த பெயருக்குப் போவார். உன்னோடு ரோந்துக்கு வர முடியாது என்று பெண் காவலர்களே சொன்னார்கள். நம்மைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று சட்டம் மாறிய மறுநாள் பேப்பர் வாங்கி, ஒரே நாற்காலியில் நெருங்கி உட்கார்ந்து படித்தோம், நினைவிருக்கிறதா? ரோல்கால் மைதானத்துக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று நீ ராஜினாமா கொடுத்து, அவர் குடியேறியிருந்த திருச்சிக்குக் கிளம்பினாய். காரணம் அது மட்டுமில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். எனக்கு வருத்தம் உண்டு மீனா, கோபம் ஒருநாளும் இருந்ததில்லை.

போனில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் சுந்தர்பன் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் காணவில்லை என்று எங்கள் போலீஸ் தாணாவுக்கு வந்தார். தேடியதில் அவள் இங்கேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில், கூடப் படித்த தோழியோடு இருந்தாள். இருவருக்கும் கடியாஹாட்டில் புடவைக் கடை வேலை. அழைத்து வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண்ணை ஒப்படைத்துவிடுங்கள் என்று தகப்பனார் கும்பிட்டார். எங்கள் புதுப் பொறுப்பதிகாரி, ஓ.சி. சந்தீப் பாபு கெட்டவர் இல்லை. பூஜை பந்தோபஸ்து அவர் தலைக்கு மேல் இருந்தது. குடும்ப விவகாரம், அனுப்பி வை என்று என்னிடம் சொன்னார்.

உள்ளறையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் துப்பட்டா நுனி மேஜைக்கடியில் மற்றவள் கையில் சுருண்டிருந்தது. இருவருமே மேஜர். உங்களுக்கு இஷ்டமில்லாமல் யாரும் கூட்டிப்போக முடியாது என்றேன். தேடி வந்தவரின் மகள் என் சீருடையையே பார்த்துக்கொண்டு, "அடிக்க மாட்டீங்கதானே, தீதி?" என்று கேட்டாள்.

வெளியே வந்து, அனுப்ப முடியாது, வாக்குமூலம் எழுதப் போகிறேன் என்றேன். உன் வீட்டு விஷயம் மாதிரி ஏன் இப்படி நிற்கிறாய் என்று ஓ.சி. எரிந்து விழுந்தார். என் வீட்டு விஷயம்தான் சார் என்றேன். தினமும் என்னோடு டிபனைப் பங்கிட்டுச் சாப்பிடும் காவலர் ஜர்ணாதி, டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டாள். ஓ.சி. பேனாவைத் திறந்தார், மூடினார். போலீஸ் லைன்ஸில் வேலை பார்த்த அந்தப் பெண்ணா என்றார். ஆமாம் சார், மீனாக்ஷி என்றேன். பிறகு, போய் எழுது என்றார்.

தகப்பனார் சாயங்காலம் வரை பெஞ்சிலேயே இருந்தார். எங்களைத் திட்டினார், அழுதார். மகள் வெளியே வந்து தள்ளி நின்றாள். அவர் பையிலிருந்து ஒரு தேங்காய் லட்டு டப்பாவை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். அந்தப் பெண்கள் இப்போது வேறு பேட்டையில் இருக்கிறார்கள். எங்கே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று எழுதினால் பொய். என் லாக்கரில் மீசை வரைந்து வைத்தார்கள். வயர்லெஸ்ஸில் எவனோ முத்தச் சத்தம் கொடுத்தான். ஜர்ணாதி பல நாள் தனியாகச் சாப்பிட்டாள். காளி பூஜை முடிந்த பிறகு ஒரு மத்தியானம் தானாக வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, "அவ அங்க யாருக்குச் சமைச்சுப் போடறா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். என் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். இன்னொரு நாள் டிராபிக் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். வெயில், மழை என்று எதையெதையோ பேசிவிட்டு, பைக்கில் ஏறும்போது, நியூ டவுனில் தானும் ஓர் ஆண் துணையோடுதான் குடியிருப்பதாகச் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். பெயரை உனக்கும் எழுத மாட்டேன்.

வா என்று எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது, தெரியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாயேன். முன்பெல்லாம் நீ ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ஹௌராவில் ஏதோ டியூட்டி பார்ப்பவள்போல் தூணோரம் நிற்பேன், நீ கடந்து போன பிறகு தள்ளித் தள்ளி நடந்து வருவேன். இந்த முறை வெள்ளைச் சீருடையிலேயே உன் பெட்டி வாசலில் நிற்கிறேன். அம்மாவின் ஒரு கையை நீ பிடித்துக்கொள், மறு கையை நான் பிடித்து இறக்குகிறேன். அம்மாவுக்கு நான் உன்னோடு ரூமில் இருந்த ஷியாமளா, அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். ரயில் கரக்பூரைத் தாண்டுவதற்குள் யோசித்துக்கொள். எதுவானாலும் நான் வாசலில் இருப்பேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
ஷியாமளா