பதினாலாவது நாள்

ஆல்வின்,

படகைக் காணோமே என்று பதறாதே. இந்தக் கரையில் கட்டி இன்றோடு பதினாலு நாள்; அதற்கு மேல் ஒரே இடத்தில் கட்டக்கூடாது. நகர்த்தாவிட்டால் கால்வாய் ஆபீஸ்காரர் நோட்டீஸ் ஒட்டிவிடுவார். உன்னைக் கூப்பிடத்தான் பக்கத்தில் கட்டியிருக்கிற டாம்சினின் படகு வரை வந்தேன். நீ அவள் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தாய். அவள் டீயை நீட்டி, "உங்க கை பட்டாத்தான் இந்தப் படகு சொன்ன பேச்சைக் கேக்குது" என்றாள். நீ சிரித்தாய். நான் திரும்பிவிட்டேன்.

நம் படகிலும், படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு உள்ளே வருகிற இடத்தில் ஒரு மாதமாகத் தண்ணீர் கசிகிறது. கேட்டால், "சனிக்கிழமை பாத்துக்கலாம் மொய்ரா" என்பாய். எந்தச் சனிக்கிழமை என்று நீ சொன்னதே இல்லை. காலையில் நானே பழைய அடைப்புக் கயிற்றைக் கொக்கியால் பிடுங்கி, கிரீஸ் ஊறிய புதுக் கயிற்றைச் சுற்றி, நட்டை இறுக்கினேன். தண்ணீர் பீய்ச்சியடித்து முழங்கை வரை நனைந்தேன். நாற்பது நிமிடம்தான் ஆனது. அவள் படகிலும் அதே கசிவுதான். உனக்கு மூன்று நாளாகிறது.

மூன்றாவது மதகு தாண்டிக் கட்டியிருப்பேன். உனக்காகத்தான் சைக்கிளை விட்டுப் போகிறேன். ஆட்டுக்கறி ஸ்டூ அடுப்பு மேலேயே இருக்கும். இருட்டுவதற்குள் வந்தால் சூடாகச் சாப்பிடலாம்.

மொய்ரா

சொல்ல மறந்துவிட்டேன்: அவளும் நம்மோடு ஒரே நாளில் வந்து கட்டியவள்தானே, அவளும் இன்று கிளம்பியாக வேண்டும். கசிவை ஒழுங்காக அடைத்துக் கொடு. எந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்டுக்கொண்டு வா. நான் போகிற பக்கம்தான் என்றால், நாளைக் காலை நாம் படகைத் திருப்புகிறோம்.