நைனா குடியிருந்த காலி வீடு

என் ஆசை நைனாவுக்கு,

திண்டிவனம் ரோட்டுல நீ வாடகைக்கு விட வரிசையாக் கட்டின மூணு வீட்டுல ரெண்டு இன்னும் காலிதான். மனை விலை ஏறுதுன்னு ஊரே கடன் வாங்கிக் கட்டிச்சு. இப்போ விலையும் எறங்கிப்போச்சு, குடிவர ஆளும் இல்ல. எந்தத் தெருவுல பாத்தாலும் 'வீடு வாடகைக்கு' போர்டுதான். ஓரத்து வீட்டக் கேக்கவாவது யாராவது வர்றாங்க, நடு வீட்ட உள்ளூர்க்காரங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாங்க. அங்கதானே நீ செத்துப்போன.

எந்த வீடு காலியானாலும் கட்டிலையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கிட்டு அங்க போய்ப் படுத்துப்ப. "இருட்டாக் கெடக்குற வீட்ட எவன் கேப்பான்? லைட்டு எரியணும், கொழம்பு வாசம் வரணும்"னு சொல்லுவ. அம்மா தலையில அடிச்சுப்பாங்க. "சொந்த வீட்ட விட்டுட்டு வாடகை வீட்டுல குடியிருக்கிற ஓனர இப்பத்தான் பாக்குறேன்"னு நானும் சிரிப்பேன். ஆனா சீக்கிரமே ஆள் வந்துடும், நீயும் கட்டிலோட திரும்பிடுவ.

கடைசித் தடவ திரும்பல. காலையில அம்மா காபி கொண்டுபோனப்போ லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நீ எழுந்திரிக்கல. தண்ணி கேக்கக்கூட பக்கத்துல ஆளில்லாம போயிட்டியே! வாடகைக்காக உன்னத் தனியா படுக்க விட்டோமே நைனா.

நீ போன நட்சத்திரம் சரியில்லன்னு ஆறு மாசம் அந்த வீட்ட அடைச்சு வெச்சோம். தெறந்து வெள்ளையடிச்சேன், வாடகையக் கொறைச்சேன். போன வாரம் வல்லத்துலேருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. வீடு புடிச்சுப்போச்சு. அந்தப் பொண்ணு அடுப்பு மேடையத் தடவிப் பாத்துட்டு, "இங்க சாவு கீவு எதுனா நடந்துச்சாக்கா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. கூட்டிட்டு வந்த புரோக்கர் முந்திக்கிட்டு, "ஓனரு ஆஸ்பத்திரியில தவறிட்டாரும்மா"ன்னுட்டாரு. அந்தப் பொண்ணு முகம் தெளிஞ்சுபோச்சு. நான் பேசாம இருந்திருந்தா அட்வான்ஸ் வந்திருக்கும். முடியல. "இல்லம்மா, எங்க நைனா இந்த ரூம்லதான் போனாரு"ன்னு சொல்லிட்டேன்.

போயிட்டாங்க. "உனக்கு இன்னா பைத்தியமா?"ன்னு உன் மருமகன் கத்துனாரு. அவரு டென்ஷனும் நியாயம்தான். லோன் கட்ட முடியலன்னா தை மாசத்துக்குள்ள மூணு வீட்டையும் வந்த விலைக்குத் தள்ளணும். நீ இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்ப? நீயும் திட்டியிருப்பியோ?

திட்டினாலும் திட்டிக்கோ. வீடே போனாலும் போகட்டும். எங்களுக்காகப் போய்ப் படுத்து, அங்கயே போய்ச் சேர்ந்த உன்ன, ஆஸ்பத்திரியில செத்தன்னு எவங்கிட்டயும் சொல்ல மாட்டேன் நைனா.

உன் மூத்த பொண்ணு,
செல்வி