தப்பாக வாசிக்க ஒத்திகை

மே 14, செவ்வாய்

எழுதப் படிக்கத் தெரியாத நான் நாட்குறிப்பு வைக்கிறேன். மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. நான் திரும்பப் படிக்கப்போவதில்லை. அதனால் இதில் பொய் சொல்லியும் பயனில்லை.

"ஊர்ல எல்லாரையும் பேசியே ஓட்டியாச்சு. இப்ப அந்தப் போன் மாட்டிக்கிச்சா, கெழவா?" என்றாள் சுல்மீரா. கல்யாணமான நாளிலிருந்து இவள் இப்படித்தான்.

மே வந்தாலே எங்கள் ஊரில் குளிர் தொடங்கிவிடும். என் கம்பளிச் சட்டையைத் துவைத்து, காரேஜில் இருக்கும் மகனுடைய டிரம்ஸில் காயப்போட்டிருந்தாள், அந்தப் பித்தளைத் தட்டு நிற்கும் கம்பியில். கில்மார் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். நாற்பத்து நாலு வயது, இன்னும் அம்மாவிடம்தான் கத்துகிறான்.

"அம்மா, இது துணிக் கொடி இல்ல, வாத்தியம்!"

"வாசிச்சா வாத்தியம். சும்மா நின்னா கொடி."

பதினோரு வருடமாகச் சும்மாதான் நிற்கிறது.

மே 16, வியாழன்

டால்வா வந்தாள். கில்மாரின் இசைக்குழுவில் பாடுகிறவள். பகலில் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு வேலைக்கும் அதே தொண்டைதான்.

பெலோ நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம். "கழுதைப் பாதை" வெளிவந்து இருபது வருடமாகிறது. அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் வாசிக்க வேண்டும், ஜூலையில்.

குழுவின் பெயர் ட்ரெம் பராடு, அதாவது நின்றுபோன ரயில். மெட்டல் இசைதான், ஆனால் நேராக இடிக்க மாட்டார்கள். ஏழு எண்ணி ஓர் இடி, பிறகு ஐந்து எண்ணி ஓர் இடி, நடுவில் மழை தூறுவது போல ஓர் இடம், அப்புறம் மறுபடியும் இடி. கூடவே தலையாட்டப் போனால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இதற்கு ப்ரோக்ரெசிவ் என்று பெயராம், முன்னேறிப் போகிற இசை. "முன்னேறிப் போறவங்களுக்கு நின்னுபோன ரயில்னா பேரு வைப்பாங்க?" என்று சுல்மீரா அன்றே கேட்டாள். 

மூன்று ஆல்பம். முதலாவது "இரும்பு மலை". பிள்ளைகளுக்குச் சின்ன வயசு, கத்தல் அதிகம். இரண்டாவது "கழுதைப் பாதை". ரசிகர்கள் கும்பிடுவது அதைத்தான். ஜப்பானில்கூட விற்றது. அங்கே விற்றதில் மட்டும் கூடுதலாக ஒரு பாட்டு உண்டு. அது முடிகிற இடத்தில், "காப்பி ஆறுது, வாங்கடா!" என்று ஒரு ஆள் கூப்பிடுவது கேட்கும். அந்த ஆள் நான்தான். மூன்றாவது "கடைசிப் பஸ்", மேடையிலேயே பதிவு செய்தது. அதோடு ரயில் நிஜமாகவே நின்றுவிட்டது.

"கில்மார் சரின்னுட்டான், மாமா," என்றாள் டால்வா.

"எல்சியோ?"

"அவனும் சரின்னுட்டான். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தன்கிட்ட ஒருத்தன் பேச மாட்டாங்களாம்."

"பேசாம எப்படிம்மா வாசிப்பாங்க?"

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்."

மே 19, ஞாயிறு

எல்சியோ கிட்டார் வாசிக்கிறவன். இதே தெருவில், நாலு வீடு தள்ளி இருக்கிறான். பன்னிரண்டு வயதிலிருந்து என் மேசையில் சோறும் பீன்ஸும் தின்றவன். வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று யார் கை தட்டிக் கூப்பிட்டாலும் யார் என்று சொல்லிவிடுவேன். இவன் தட்டுவது மட்டும் நொண்டும், கல் தடுக்கி விழப்போகிறவன் நடப்பது போல. பதினோரு வருடமாக அந்தத் தட்டு கேட்கவில்லை.

நடந்தது இதுதான். "கடைசிப் பஸ்" பதிவான நிகழ்ச்சி. தொடங்கவே தாமதம். கடைசிப் பாட்டு "ஆறு". அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சனங்களுக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நடுவில் வரும் மழைத் தூறல் பகுதியை விட்டுவிட்டு கில்மார் ஒரே தாவாக முடிவுக்குப் போய்விட்டான். எல்சியோ கண்ணை மூடிக்கொண்டு மழைக்குள் போய்விட்டான். கண்ணைத் திறந்து பார்த்த பிறகும் இவன் இறங்கி வரவில்லை, அவனும் இறங்கி வரவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெரால்டு, அப்பா அம்மா சண்டையில் மாட்டிய பிள்ளை போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாத்தியத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். எந்தச் சாமி புண்ணியமோ, முடிவு மட்டும் ஒன்றாய் வந்து விழுந்தது.

கைதட்டலில் கூரை பறந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நினைத்துவிட்டார்கள்! வேறு இசையில் இப்படி நடந்திருந்தால் தக்காளி பறந்திருக்கும். "ஒரே ஆற்றின் இரண்டு கரை" என்று ஒரு பத்திரிகை எழுதியது. மூன்று ஆல்பத்திலும் அதுதான் உச்சமாம்.

மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பத்திரிகைக்குத் தெரியாது.

"நடுவுல வெட்டிடலாம்னு ஏறுறதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொன்னேன்ல!" என்றான் கில்மார்.

"என்கிட்ட நீ சொல்லவே இல்ல. பொய் சொல்லாத," என்றான் எல்சியோ.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். படிக்கட்டுப் பக்கம் துண்டோடு நின்றவன் நான்தான். எனக்கு மறதி கிடையாது என்று ஊருக்கே தெரியும். யார் எந்த மழையில் செத்தார், யார் கல்யாணத்தில் கேக் சாய்ந்தது, எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அன்று யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்றும் தெரியும். ஆனால் ஒருவன் பெற்ற பிள்ளை. இன்னொருவன் பெறாத பிள்ளை. எதைச் சொன்னாலும் ஒரு நாற்காலி காலியாகும்.

"ரெண்டு பேரும் என் வீட்டு மேசையில ஒண்ணா உக்காருங்க. அப்பச் சொல்றேன்," என்றேன்.

மறுநாளே வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கெட்டிக்காரன் நான்!

ஜூன் 1, சனி

மண்டபத்துக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "ஆறு" பாட்டை "கழுதைப் பாதை"யில் இருப்பதுபோல வாசிக்கக் கூடாதாம். "கடைசிப் பஸ்"ஸில் இருப்பதுபோல வாசிக்க வேண்டுமாம். சனங்கள் அதற்காகத்தான் வருகிறார்களாம்.

"தப்பை எப்படிப்பா ஒத்திகை பாக்கிறது?" என்று கில்மார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

சுல்மீரா டிரம்ஸ் கம்பியிலிருந்து துணிகளை எடுத்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டேதான்.

ஜூன் 8, சனி

முதல் ஒத்திகை, எங்கள் காரேஜில். எல்சியோ கேட்டில் நின்று கை தட்டவில்லை. டால்வாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நேராகக் காரேஜுக்குள் போய்விட்டான். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா, திவீனோ மாமா," என்றான், தரையைப் பார்த்து.

"டால்வா, அந்த டிரம்ஸ்காரர்கிட்ட சொல்லு, ரொம்ப வேகம்னு."

"டால்வா, அந்த கிட்டார்காரர்கிட்ட சொல்லு, அவருக்கு வயசாயிடுச்சுன்னு."

"ரெண்டடி தூரத்துல உக்காந்திருக்கீங்க! நான் என்ன தபால்காரியாடா?" என்றாள் டால்வா. 

வேடிக்கை என்னவென்றால், தப்பு வர மாட்டேன் என்கிறது. கில்மார் முடிவுக்குத் தாவுகிறான், எல்சியோ மழைக்குள் போகிறான். நாலைந்து அடி போவதற்குள் இவன் கை அவன் தாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது. திட்டிக்கொண்டே மறுபடி தொடங்குகிறார்கள். மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. வாய்தான் பேச மாட்டேன் என்கிறது, கைக்கு அந்த ரோஷம் இல்லை.

ஜூன் 15, சனி

இன்றும் தப்பு வரவில்லை. சரியாகவே வாசித்துத் தொலைத்தார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

சாவோ ஜோவாவ் திருவிழா நெருப்பு. தெரு முழுக்கச் சோள வாசனை. நெருப்புக்கு இந்தப் பக்கம் கில்மார், அந்தப் பக்கம் எல்சியோ. நடுவில் நெருப்பு இல்லையென்றால் அங்கே ஒரு சுவர் கட்டியிருப்பார்கள்.

பதினாலு வயதில் இந்த இரண்டு பேரும் இதே தெருவில் கைகோத்து நெருப்பைத் தாண்டினார்கள். சேர்ந்து தாண்டினால் சாகும்வரை கும்பாத்ரி, உடன்பிறந்தான் மாதிரி. எல்சியோவின் கால்சட்டை கருகியது. சுல்மீராதான் ஒட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

இன்று அவள் இஞ்சி போட்ட சூடான கஷாஸா சாராயத்தை இரண்டு கோப்பையில் எடுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள். "தாண்டினதைத் திரும்பத் தாண்டி அழிக்க முடியாதுடா. அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வந்தாலும் நெருப்பு அதேதான், தெரியுமா?"

"குளிருதும்மா, கோப்பையைக் குடு," என்றான் கில்மார்.

எல்சியோ சிரித்துவிட்டான். உடனே இருமுவது போல நடித்தான். நான் பார்த்தேன்.

ஜூலை 13, சனி

எல்சியோ ஒரு வழி கண்டுபிடித்தான். காதில் பஞ்சு. கில்மாரும் வைத்துக்கொண்டான். ஒருவனை ஒருவன் கேட்காவிட்டால் ஒட்டிக்கொள்ளாது அல்லவா? ஜெரால்டு கையைத் தூக்கினால் பிரிவது, கையை இறக்கினால் முடிப்பது.

தப்பு அச்சு அசலாக வந்துவிட்டது. டால்வா கை தட்டினாள். இரண்டு மடையர்களும் தேர்வில் பாஸான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. அன்றைக்குக் கோபத்தில் வாசித்தார்கள். கோபம் என்றால் அவன் வாசிப்பது இவன் காதில் விழுந்தது என்று அர்த்தம். இன்று பஞ்சு.

சாப்பிடும்போது கில்மார் சொன்னான்: "இது முடிஞ்சதும் டிரம்ஸை வித்துடப் போறேன்பா. ஒரு ஆள் கேட்டிருக்கான்."

"அப்ப என் துணியை எங்கடா காயப்போடுறது?" என்றாள் சுல்மீரா. சிரிக்காமல்தான் கேட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

நாளைக்கு நிகழ்ச்சி. பழைய கோம்பி வேனை நான்தான் ஓட்டுவேன் என்றேன். எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பதினோரு வருடத்தில் அந்த இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போன விஷயம் இது.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று காலையில் சொல்கிறேன். காப்பி இன்னும் ஆறவில்லை.

மண்டபம் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் என் மகனைவிட வயதானவர்கள், தொப்பைக்கு மேல் கறுப்புச் சட்டை. "கழுதைப் பாதை" முழுவதும் ஒழுங்காகப் போனது. கடைசியில் "ஆறு". மழை இடம் நெருங்கியதும் சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் காதில் பஞ்சை வைத்தார்கள். ஜெரால்டு கையைத் தூக்கினான். கில்மார் முடிவுக்குத் தாவினான். எல்சியோ மழைக்குள் போனான். கூட்டம் ஊளையிட்டது.

நான் அதே இடத்தில், படிக்கட்டுப் பக்கம், துண்டோடு நின்றேன்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். எல்சியோ ஒரு கையால் காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கீழே போட்டான். ஏன் என்று தெரியாது. அரித்திருக்கலாம். அவன் போட்டதைக் கில்மார் பார்த்தான். ஒரு குச்சியை வாயில் கவ்விக்கொண்டு தன் பஞ்சையும் பிடுங்கி எறிந்தான். அவ்வளவுதான். முடிவுக்குப் போயிருந்தவன் திரும்பி மழைக்குள் வந்துவிட்டான். பாட்டு ஒன்றாகிவிட்டது, நான் காரேஜில் எத்தனையோ மாலைகளில் கேட்ட அதே தூறல். ஜெரால்டு கையை இறக்க மறந்து நின்றான்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "தப்பா வாசிங்கடா!"

இன்னொருத்தன்: "காசு குடுத்திருக்கோம், தப்பா வாசிங்க!"

கில்மார் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து டிரம்ஸ் மேல் சாய்ந்துவிட்டான். எல்சியோ மைக் பக்கம் போனான்.

"டேய் கும்பாத்ரி, நீ எங்கடா இருக்க?"

டால்வாவிடம் சொல்லச் சொல்லவில்லை. அவனிடமே கேட்டான்.

"உன் பின்னாடிதான்டா," என்றான் கில்மார். "எப்பவும் அங்கதானே உக்காந்திருக்கேன்."

மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள், மழையை விடாமல். யாரும் பஸ்ஸுக்கு எழுந்து போகவில்லை. துண்டு கொஞ்சம் நனைந்தது. வியர்வை.

ஜூலை 23, செவ்வாய்

டிரம்ஸ் கேட்ட ஆள் வந்தான். "விக்கிறதா இல்ல, அது அம்மாவோட கொடி," என்று சொல்லி அனுப்பிவிட்டான் கில்மார்.

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் கேட்டுக்கு வெளியே கை தட்டும் சத்தம். நொண்டியது.

சுல்மீரா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "உள்ள வாடா, கதவு திறந்துதான் இருக்கு," என்றாள்.

எல்சியோ வந்தான். பழைய நாற்காலியில் உட்கார்ந்தான், கில்மாருக்கு எதிரில். சீஸ் ரொட்டி உருண்டைகள் சூடாக வந்தன. நாலாவது ஆல்பம் பற்றிப் பேச்சு. முதல் பாட்டு எவ்வளவு நீளம் என்பதிலேயே தகராறு. அப்புறம் நான் பயந்தது வந்தது.

"மாமா, இப்ப ஒரே மேசையில உக்காந்தாச்சு," என்றான் எல்சியோ. "வாக்கு குடுத்திருக்கீங்க. அன்னைக்கு இவன் என்கிட்ட சொன்னானா இல்லையா?"

"சொல்லுப்பா," என்றான் கில்மார். "உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

இருவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் படிக்கட்டு தெரிந்தது. துண்டின் நிறம் தெரிந்தது. வாய் அசைந்தது தெரிந்தது, சொன்ன வார்த்தை காதில் விழுந்தது.

"மறந்து போச்சுடா," என்றேன்.

"என்னது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "பதினோரு வருஷம் காக்க வெச்சுட்டு!" இப்போது இருவருக்கும் சேர்ந்து என் மேல்தான் கோபம். ஒருவன் சொல்லி முடிப்பதற்குள் மற்றவன் எடுத்துக்கொடுத்து என்னைத் திட்டினார்கள். நல்ல தாளத்தில்தான் திட்டினார்கள்.

சுல்மீரா என்னைப் பார்த்தாள். நாங்கள் முதன்முதலில் பேசிய நாளில் அவள் எந்தக் காதில் தோடு இல்லாமல் வந்தாள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், அது அவளுக்குத் தெரியும்.  நன்றாக வெந்த உருண்டையாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள்.

போனே, உன்னிடமும் சொல்ல மாட்டேன். நீ எழுதி வைத்துவிடுவாய்.